லென்ஸுக்கும் வெயில் வேண்டும்

எங்கள் ஊர் நாகர்கோவில். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. எங்களுக்கு அதுவும் உண்டு, ஜூனில் கேரளத்தோடு சேர்ந்து வரும் தென்மேற்கு மழையும் உண்டு. மழை இல்லாத நாளில் கடற்காற்று. இங்கே இருந்துகொண்டு 40, 50 வருடப் பழைய கேமரா லென்ஸ்களைச் சேர்க்கிறவர் முதலில் பேச வேண்டியது பூஞ்சையைப் பற்றி. அழகைப் பற்றியெல்லாம் அப்புறம்.

பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்துவிட்டால் போதும், லென்ஸுக்குள் மெல்லிய நூல் நூலாகப் படர ஆரம்பித்துவிடும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரிக்கும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் லென்ஸ் பிழைக்கும். அரித்த பிறகு துடைத்தால் பூஞ்சை போய்விடும், தடம் போகாது. ஆக, கண்ணாடி அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கும் சேகரிப்பு இந்த ஊருக்குச் சரிப்படாது. வாரம் ஒரு லென்ஸாவது வெளிச்சத்துக்கு வர வேண்டும், அதன் வளையங்கள் திரும்ப வேண்டும், காற்றுப் பட வேண்டும். வெளியே எடுத்த பிறகு படம் எடுக்காமல் இருக்க முடியுமா? என்னைப் பொறுத்தவரை லென்ஸ் சேர்ப்பதும் அதில் படம் எடுப்பதும் ஒரே வேலை. பயன்படுத்தாத லென்ஸை நான் வைத்துக்கொள்வதில்லை.

என் முதல் பழைய லென்ஸ் வடசேரிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ மூடியபோது கிடைத்தது. அதை நடத்திய அண்ணாச்சி ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர் உறைகள், மேல்தட்டில் ரஷ்யாவின் ஜெனிட் கேமரா ஒன்று. “டீச்சர், இனி இதெல்லாம் யாருக்கு வேணும்? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவாவது ஆகும், எடுத்துக்கிடுங்க” என்றார். நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒளியியல் பாடத்துக்கு ஆகும் என்றுதான் நானும் விலை பேசி வாங்கினேன். கேமராவின் ஷட்டர் நின்றுபோயிருந்தது. முன்னால் இருந்த ஹீலியோஸ் 44-2 நன்றாக இருந்தது.

ஹீலியோஸ் அபூர்வமான சரக்கு அல்ல. அது பொருத்தி வந்த ஜெனிட்-இ கேமரா மட்டுமே 30 லட்சத்துக்கும் மேல் தயாரானது. மாஸ்கோ அருகிலுள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் தொடங்கி வேறு சோவியத் தொழிற்சாலைகளிலும் இந்த லென்ஸைச் செய்தார்கள். குவியத் தூரம் 58 மி.மீ., எஃப் 2 (வெளிச்சம் புகும் துளை எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் எண்; எண் சிறியதானால் துளை பெரிது), உள்ளே 6 கண்ணாடிகள். அதன் மூல வடிவம் ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனத்தின் பயோட்டார். வில்லி மெர்ட்டே என்பவர் கணித்தது, 1930களில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் யேனா நகரத்து ஜெய்ஸ் ஆலையின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் சோவியத் யூனியன் போர் இழப்பீடாக எடுத்துச் சென்றது. அந்த வழியில்தான் பயோட்டார் ஹீலியோஸ் ஆனது.

கணினி இல்லாத காலத்தில் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு பரப்பில் எப்படி வளையும் என்று கையால் கணக்குப் போட்டார்கள். எல்லாப் பிழைகளையும் 6 கண்ணாடியில் திருத்த முடியாது. எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்று வடிவமைத்தவர் முடிவு செய்தாக வேண்டும். பயோட்டாரில் நடுப்பகுதியின் கூர்மைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார், ஓரங்கள் விட்டுக்கொடுத்திருக்கின்றன. பழைய லென்ஸில் என்னை இழுப்பது இதுதான். ஒரு மனிதர் எடுத்த முடிவு படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய லென்ஸில் பத்துப் பதினைந்து கண்ணாடிகள் இருக்கின்றன, மிச்சப் பிழையைக் கேமராவின் மென்பொருள் திருத்திவிடுகிறது. அதன் படங்கள் சுத்தமாக இருக்கின்றன. கல்யாண வேலைக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

ஹீலியோஸ் விட்டுக்கொடுத்த ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் தோவாளைக்கு வர வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடாகிவிடும். நான் போவது கொஞ்சம் வெயில் ஏறி, மாலை கட்டுகிறவர்கள் நிதானமாக உட்கார்ந்த பிறகு. கட்டுகிற அக்கா ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு மரம். இலை இடுக்குகளில் வெயில். அபெர்ச்சரை, அதாவது அந்தத் துளையை, முழுதாகத் திறந்து எஃப் 2-இல் எடுத்தால், பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் நடுவில் வட்டமாகவும், ஓரத்துக்குப் போகப் போகக் கண் வடிவத்திலும் விழும். ஓரத்துக் கதிர்களை லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் சேர்ந்து வெட்டிவிடுவதால் அந்த வடிவம். அவை எல்லாம் மையத்தைச் சுற்றி வரிசை பிடித்து நிற்க, பின்னணியே அந்த அக்காவைச் சுற்றிச் சுழல்வதுபோல் இருக்கும். எஃப் 5.6-க்குச் சுருக்கினால் சுழல் காணாமல் போய்விடும். பின்னணி வெறும் சுவராக இருந்தாலும் ஒன்றும் வராது. ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதியும் சென்சார் சிறியதாக இருந்தால் ஓரங்கள் வெட்டுப்பட்டு சுழல் குறையும். முழு அளவு சென்சாரில்தான் அது முழுதாக வரும்.

நான் பொருத்துவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஏ7. 2013-இல் வந்த மாடல். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததால்தான் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு எளிதாயிற்று. கணக்கு மிகவும் எளியது. ஹீலியோஸைக் கேமராவில் திருகிப் பொருத்தும் எம்42 என்ற மரைக்கு லென்ஸ் அமரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனியில் அந்தத் தூரம் 18 மி.மீ. மிச்சம் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் இருந்தால் போதும். அடாப்டர் என்பது அந்தக் குழாய்தான், உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. உள்ளே ஆடி உள்ள பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது நடக்காது. அங்கே தூரம் 46.5 மி.மீ., ஏற்கெனவே அதிகம். வெற்று வளையம் போட்டுப் பொருத்தினால் தொலைவில் இருப்பது ஃபோகஸ் ஆகாது.

ஃபோகஸ் கையால்தான். எஃப் 2-இல் ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். திரையில் கண் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி, வளையத்தை மெல்ல மெல்லத் திருகிக் கொண்டுவருவேன். “டீச்சர், இன்னுமா திருகியிட்டு இருக்கீங்க?” என்று அக்கா கேட்பார். கேட்டுவிட்டுப் பூவைப் பார்க்கக் குனிந்துவிடுவார். கேமராவுக்காகக் கூட்டி வைத்த முகம் அந்த நேரத்தில் தளர்ந்திருக்கும். தோவாளையில் நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த முகங்கள் எல்லாம் அப்படித் தளர்ந்த பிறகு கிடைத்தவை. தானாக ஃபோகஸ் ஆகும் லென்ஸில் அதற்கு முன்பே ஷட்டரை அழுத்தியிருப்பேன்.

இனி டக்குமார். ஜப்பானின் ஆசாஹி நிறுவனம் பென்டாக்ஸ் கேமராக்களுக்குச் செய்த சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4, 1964-இல் 8 கண்ணாடிகளோடு வந்தது. அதன் பிறகு 7 கண்ணாடி வடிவத்துக்கு மாறினார்கள். என்னிடம் இருப்பது இரண்டாவது. அதன் பின்பகுதிக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. தோரியம் சேர்த்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கூடும், நிறப்பிரிகை அவ்வளவாகக் கூடாது. லென்ஸ் வடிவமைக்கிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் தோரியம் கதிரியக்கத் தனிமம். பல ஆண்டுகளாக அதன் கதிர்வீச்சு பட்டுப் பட்டு, கண்ணாடியின் உள்ளமைப்பில் எலெக்ட்ரான்கள் இடம் மாறிச் சிக்கிக்கொள்கின்றன. அந்த இடங்கள் நீல ஒளியை உறிஞ்சிவிடும். வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பார்த்தால் தாள் பழுப்பாகத் தெரியும்.

இதற்கு மருந்து வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அந்தச் சிக்கலை விடுவித்துவிடும், நிறம் வெளிறும். டிஜிட்டலில் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் மஞ்சள் போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் சரியாகும்தான், ஆனால் உறிஞ்சப்பட்ட வெளிச்சம் திரும்ப வராது. கருப்பு வெள்ளைக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் வேண்டுமென்றே மஞ்சளை விட்டுவைப்பதும் உண்டு, வானம் கொஞ்சம் அடர்த்தியாக வரும். எனக்கு வெளுத்த கண்ணாடிதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நன்றாக விழும். முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், அது கீழே இருக்கும் அலுமினியத் தாளில் பட்டுத் திரும்பும் கதிரைத் தடுத்துவிடும். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்கண்ணாடி சூரியனைப் பார்க்கும்படி அலுமினியத் தாளின் மேல் வைத்தேன். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிடுங்கள், எஃப் 1.4 லென்ஸ் வெயிலைக் குவித்தால் துணி பற்றிக்கொள்ளும். உச்சி வெயிலுக்கு முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழ்களுக்கு ஓடிவிடும். இப்படிச் சில வாரங்கள் வைத்ததில் தாள் மறுபடி தாள் நிறத்துக்கு வந்தது. வகுப்பில் அந்த முன்னும் பின்னும் படங்களைக் காட்டியபோது ஒரு மாணவி, “டீச்சர், அப்போ இதைத் தொடலாமா?” என்று கேட்டாள். தொடலாம், படம் எடுக்கலாம். உடைக்கக் கூடாது, கண்ணாடியைத் தேய்த்துத் தூளாக்கக் கூடாது, தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம்.

இந்த டக்குமாரைப் பத்மநாபபுரம் அரண்மனையில் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த மரக்கூடங்களில் வெளிச்சம் ஜன்னல் சட்டங்கள் வழியாகக் கீற்றுக் கீற்றாகத்தான் வரும். இந்தக் காலத்து லென்ஸ் ஜன்னலைப் பளிச்சென்றும் தூணைக் கரியாகவும் காட்டிவிடுகிறது. பழைய கோட்டிங்கில் கொஞ்சம் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே சிதறுகிறது. அந்தச் சிதறல் நிழல்களின் மேல் படிந்து தூணின் மர ரேகைகளைத் தூக்கிக் கொடுக்கிறது. மாறுபாடு குறையும் என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். அரண்மனைக்குள் அது எனக்குப் பெரிய உதவி.

விலை பற்றி ஒரு வார்த்தை. மேயர் ஆப்டிக் ட்ரையோப்ளான் 100 மி.மீ. போன்ற சில லென்ஸ்கள், சோப்புக் குமிழி மாதிரிப் பின்னணி வருகிறது என்று பேர் வாங்கி, இன்று எட்டாத விலைக்குப் போய்விட்டன. அது மூன்றே கண்ணாடி உள்ள லென்ஸ். அந்தக் குமிழிதான் வேண்டுமென்றால் பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டரில் வந்த மூன்று கண்ணாடி லென்ஸ்களும் அதைத் தருகின்றன. பேருக்காக அவ்வளவு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்பாவோ மாமாவோ பயன்படுத்திய லென்ஸ் ஒன்று இருக்கலாம். முதலில் அந்தத் தோலுறையைத் தூக்கிப் போடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணையே இல்லை. அபெர்ச்சரைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் கவலை இல்லை, படத்தில் விழாது. நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் மற்ற லென்ஸ்களிடமிருந்து பிரித்து வைத்து, பிரிக்கத் தெரிந்தவரிடம் சீக்கிரம் கொடுங்கள். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் விலக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ஒன்றும் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டு வையுங்கள். 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் போதும். அதற்கும் கீழே போக வேண்டியதில்லை. அப்புறம் முன்வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த அடாப்டர் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.