விரல் மொத்த மரமஞ்சள்

வைத்தியனாக நான் வாங்கும் மருந்துக்கொடியான மரமஞ்சளில் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பியது சரியான முடிவுதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனாலும் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கமிருந்து மருந்து கேட்டு வந்த ஓர் அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கொழும்பிலிருந்து வந்த கட்டில் அத்தனை தண்டும் விரல் மொத்தம். முன்பெல்லாம் மணிக்கட்டளவு தண்டுகள் வரும்; குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்து ஆரக்கால்களாகக் கோடுகள் விரியும், கத்தியிலும் கையிலும் மஞ்சள் ஒட்டும். அந்த நிறத்தைத் தரும் பெர்பெரின்தான் கிருமியையும் அடக்குகிறது. இளந்தண்டு சந்தைக்கு வருகிறதென்றால் முதிர்ந்த கொடிகள் வெட்டித் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொண்டேன். இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு; பூத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும், விதையும் இலேசில் முளைக்காது. தென்னிந்தியாவில் அது அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. 2020இல் கொரோனாவுக்கு அஞ்சி நாம் கொத்தமல்லியோடு அவித்துக் குடித்ததும் இந்தக் கொடியைத்தான்.

அம்மா கேட்டது, கணவரின் காலிலிருந்த சீனி வருத்த (நீரிழிவு) புண்ணைக் கழுவுவதற்கு. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாக் கசாயத்தால் கழுவலாம், ஆஸ்பத்திரி கிளினிக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி, மரமஞ்சள் ஏன் இல்லை என்பதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காட்டில நிக்கிற கொடியப் பாக்கிறீங்க மனே, நல்லந்தான். எங்கட மனிசன்ட காலை ஆரு பாக்கிற?" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

திரிபலா குறைந்த மருந்தல்ல, புண் கழுவ நெடுங்காலமாக நாம் பயன்படுத்துவதுதான், நம்பித்தான் கொடுத்தேன். ஆனால் அவருடைய நம்பிக்கை மரமஞ்சளில் இருந்தது, அதைக் கூடிய விலைக்கு வேறெங்கோ வாங்கியிருக்கவும் கூடும். நான் மறுத்த கட்டும் இன்னொரு கடைக்குத்தான் போயிருக்கும். வெட்டிய தண்டு மீண்டும் கொடியில் ஒட்டப் போவதில்லை. அதற்காக, வருகிற எதையும் வாங்கிப் போடுவது வைத்தியருக்கு அழகா என்றும் மனம் கேட்கிறது. நாளை ஒரு தண்டும் கிடைக்காத நாளில் இப்படி வருகிற இன்னொரு அம்மாவுக்கு என்ன சொல்வது?

பின்னர் மொத்தமான தண்டுகளோடு ஒரு கட்டு வந்தபோது வாங்கினேன். முதிர்ந்த தண்டில் குணம் கூட என்பது என் நியாயம். நட்டு வளர்த்ததா, காட்டில் வெட்டியதா என்பதைச் சொல்லும் சீட்டு எதுவும் அதில் இருக்கவில்லை. மொத்தத் தண்டு என்றால் காய்க்கும் வயதை எட்டிய கொடியாகவே இருக்க வேண்டும். அது பெண்கொடியானால் அந்த இடத்தில் இனி விதை விழாது. இளங்கொடிக்காக ஒரு கட்டை மறுத்தவன் இதை எந்தக் கணக்கில் ஏற்றேன்? மருந்துச் சரக்குக் கொள்வனவுக்குப் பொறுப்பாக இருக்கும் நண்பர்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள், எதைப் பார்த்து மறுக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.