புதுச் செருப்பு

"தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?"

மண்டபம் பஸ் ஸ்டாப்பில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கா கேட்டார்.

பையனுக்கு 12 வயது இருக்கும். காலில் புதுச் செருப்பு. இரண்டு அளவு பெரியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

பக்கத்தில் நின்றவர் "நான் மாமா" என்றார். பையனுக்கு அந்த மாமாவின் பெயர் தெரியவில்லை.

அக்கா விடவில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம்? அதற்குள் நாலு பேர் கூடிவிட்டோம். நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டேன். 'மாமா' கழன்றுகொண்டார்.

பையனை வேலைக்குக் கூட்டிப்போனது வடக்கே முறுக்குக் கம்பெனிக்காம். வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடன் கழுத்தை நெரிக்கும். பள்ளிக்கூடமும் லீவு, யார் வரவில்லை என்று கேட்க வாத்தியாரும் இல்லை. இந்தக் கணக்கு ஏஜென்டுகளுக்கு அத்துப்படி.

அக்கா பஸ்ஸைத் தவறவிட்டார். மீனுக்கு ஐஸ் போடத்தான் அலைந்தோம்.