வெந்தயத் தட்டு: 21 நாள் கணக்கு

புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்து பலருக்கு 21 நாளுக்கு ஒருமுறை வரும். அந்த இடைவெளியில், காலையில் கட்டிலை விட்டு எழும்பிப் போய்ப் பார்க்க ஏதாவது வேண்டும். மிளகாய் நட்டால் காய்க்க இரண்டு மூன்று மாதம் இழுக்கும். வெந்தயம் அப்படியில்லை, நேற்று இல்லாத ஒன்றை இன்று காட்டும். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் கிழக்குப் பல்கனியில் செய்து பார்த்த கணக்கு இது. கடற்பக்கப் பல்கனியில் பின்னேர வெயிலும் உப்புக்காற்றும் முளையைக் கருக்கிவிடும்.

முதலில் டொக்டரிடம் கேளுங்கள். எலும்பு மச்சை மாற்றுச் செய்தவர்களுக்குச் செடி, மண் எதுவும் கூடாது என்பார்கள். மற்றவர்களுக்கும் மருந்து ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கண்ணால் பார்ப்பது மட்டும்தான், கை வைப்பது வீட்டில் இன்னொருவர்.

தோட்டத்து மண் வேண்டாம், தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) போதும். அதையும் காய்ந்தபடி உடைத்தால் தூசியோடு பூஞ்சை வித்துகள் பறக்கும். வாளியில் ஊறவிட்டு, தேயிலைச் சாயம் போல் இறங்கும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். உப்பும் போய்விடும். இதைச் செய்பவர் மாஸ்க்கும் கையுறையும் போடட்டும்.

ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் ஆறு துளை. மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தும்புச்சோறு. இரவு ஊறவைத்த வெந்தயம் இரண்டு தேக்கரண்டி. கரண்டியால் தூவினால், மருந்தால் விரல் நுனி மரத்தவருக்கும் முடியும்.

நாள் 2: வெள்ளை வேர் நுனி.

நாள் 4: தண்டு கொக்கி போல் வளைந்து மேலே வரும். பழுப்புத் தோல் தொப்பி மாதிரி இலை நுனியிலேயே ஒட்டியிருக்கும். பிய்க்காதீர்கள், இலை கிழியும். காலையில் இலேசாகத் தண்ணீர் விசிறினால் தோல் ஊறி, மத்தியானத்துக்குள் இரண்டு இலையும் அதைத் தள்ளிவிட்டு விரியும். ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நாள் இதுதான்.

நாள் 6: கொழும்பின் ஈரக்காற்றில் கெடுவது இங்கேதான். தண்டின் அடி கறுத்து, கூட்டமாகச் சரியும். நெருக்கமாகத் தூவியதும் இரவில் தண்ணீர் விட்டதும்தான் காரணம். சரிந்த தட்டைக் காப்பாற்ற முயலாமல், வீட்டிலுள்ளவர் பையில் கட்டி எறிந்துவிடட்டும். வேரைச் சுற்றி மட்டும் பஞ்சு போலிருந்து, தண்ணீர் பட்டதும் அடங்கினால் அது வேர்த்தூவி, பயமில்லை. விதைக்கு விதை சிலந்திவலை போல் படர்ந்தால் பூஞ்சணம்.

பெட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. டெங்கு நுளம்புக்கு அது போதும்.

நாள் 20 அளவில் விரல் நீளத்தைத் தாண்டிய கீரை. கத்தரியால் வெட்டி, நன்றாகக் கழுவி, பருப்போடு வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாக வேண்டாம், முளையாக இருக்கும்போது அறவே வேண்டாம். முளை வளரும் அதே சூட்டிலும் ஈரத்திலும் சல்மனெல்லாக் கிருமியும் பெருகும்.

ஒரே தட்டோடு நிறுத்தாமல் ஐந்து நாளுக்கு ஒரு பெட்டி போட்டால், ஒன்று சரிந்தாலும் பக்கத்துப் பெட்டியில் கொக்கி நிமிர்ந்துகொண்டிருக்கும்.