56 கண் பாலத்தில் ஒரு கண்

வேளச்சேரி வீட்டு ஹாலில் கோதாவரிக்கு இடமில்லை. ராஜமுந்திரியின் பழைய ரயில் பாலத்தை, அதாவது ஹேவ்லாக் பாலத்தை, 1:160 அளவில் அட்டை மாடலாகச் செய்யலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் 56 கண், அதாவது தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி. ஒரு கண் 150 அடி. சுருக்கினால் 28.6 செ.மீ.; 56 கண்ணும் சேர்த்தால் 16 மீட்டர். வாசலைத் தாண்டி லிஃப்ட் வரை போகும். ஒரு கண் போதும் என்று முடிவானது.

ஹவுரா ரயிலில் போகும்போதெல்லாம் புது வளைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் இது சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 1897இல் வேலை ஆரம்பித்து, 1900இல் ரயில் விட்டு, 1997இல் ஓய்வு கொடுத்தார்கள். ஹேவ்லாக் அப்போது சென்னை மாகாண கவர்னர். கட்டிய இன்ஜினியர் வால்டன், அதற்கு முன்பே காசியில் கங்கைக்குப் பாலம் போட்டவர்.

முதல் இரண்டு வாரம் ரிவெட்டிலேயே, அதாவது இரும்புத் தகடுகளைச் சேர்க்கும் ஆணிகளின் குமிழ்த் தலைகளிலேயே போயிற்று. பாரிமுனையில் வாங்கிய 300 ஜிஎஸ்எம் அட்டையைக் கீற்றாக வெட்டிவிட்டு, பின்பக்கம் காம்பஸ் முனையால் புள்ளி புள்ளியாக அழுத்தினேன். ஒவ்வொரு கீற்றும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டது. முதலில் அழுத்திவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும். அடியில் பழைய மவுஸ் பேட் வைத்தால் புள்ளி நன்றாக எழும்புகிறது. கடைசியில் சட்டங்கள் சேரும் மூட்டுத் தகடுகளில் மட்டும் ரிவெட் வைத்தேன். மற்ற இடத்தில் இல்லையே என்று கேட்பவர்கள் வந்து குத்திக் கொடுக்கலாம்.

தண்டவாளத்தில் இன்னொரு சிக்கல். இந்த அளவுக்குக் கடையில் விற்பது 9 மி.மீ. அகலம், அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கானது. நம் அகலப்பாதை 1676. 160ஆல் வகுத்தால் 10.5. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று வைத்துப் பார்த்தேன், நம்ம ஊர்ப் பாதையாகவே தெரியவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு, பிளந்த தீக்குச்சியின் மேல் பித்தளைக் கம்பி ஒட்டிக்கொண்டேன்.

பெரிய சொதப்பல் ஐப்பசி மழையில். கர்டரின், அதாவது தூண்கள் மேல் உட்காரும் நீளச் சட்டத்தின், இரண்டு முனையையும் தூணோடு பசை போட்டு இறுக்கியிருந்தேன். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பார்த்தால் கர்டர் பக்கவாட்டில் வில் மாதிரி 4 மி.மீ. வளைந்திருந்தது. ஈரத்தில் அட்டை அரை மில்லிமீட்டர்கூட நீண்டிருக்காது. ஆனால் நீள இடமில்லை, அதனால் நடுவில் பிதுங்கிவிட்டது.

இரும்புப் பாலத்தில் இதே வேலையை வெயில் செய்யும். 30 டிகிரி ஏறினால் 45.7 மீட்டர் எஃகு கர்டர் சுமார் 16 மி.மீ. நீளும். அதனால்தான் ஒரு முனையை நிலையாக வைத்து, மறுமுனையை உருளை மேலோ வழுக்குத் தகடு மேலோ நகர விடுகிறார்கள். படித்துத் தெரிந்த விஷயம்தான். அட்டைதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். என் அளவில் அந்த 16 மி.மீ. என்பது ஒரு தாளின் கனம்!

பிளேடால் ஒரு முனையை அறுத்தெடுத்து, அடியில் தலை வெட்டிய குண்டூசி இரண்டை உருளையாக வைத்தேன். மாடல் முழுக்க இரண்டு கை வார்னிஷ். அதற்குப் பிறகும் ஒருநாள் நல்ல மழை, வளையவில்லை.

நேற்று அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, கோதாவரிங்கிற, தண்ணியே காணோம்?" என்றார். கோடையில் மணல்தான்மா இருக்கும் என்று சமாளித்தேன். இந்த ஞாயிறு மணல் சலிக்க வேண்டும்.