மூன்லைட் சொனாட்டாவும் என் சுண்டுவிரலும்

ஜனவரி 7

பீத்தோவனின் பியானோப் படைப்பான மூன்லைட் சொனாட்டாவின் எளிய பதிப்பை இன்று அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வருடமாக "மூன்லைட் சொனாட்டா வாசிக்கிறேன்" என்று நான் சொல்லிவந்தது அதை வைத்துத்தான். நாலு ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி) வேண்டாமென்று ஏ மைனர் சுருதிக்கு மாற்றி, இடது கையின் ஆக்டேவ்களை (ஒரே சுரத்தை மேலும் கீழுமாகச் சேர்த்து வாசிப்பதை) ஒற்றைச் சுரமாகக் குறைத்து, இரண்டே பக்கத்தில் முடித்திருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்க வந்தவளுக்கு அன்று அது கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியை மூலத்தைத் திறந்து, முதல் நாலு பாரை (தாளக் கட்டத்தை) சி ஷார்ப் மைனரில் வாசிக்கச் சொன்னார். கறுப்புக் கட்டைகளில் ஏறிப் படியும்போது விரல்கள் நிற்கிற விதமே மாறிவிடுகிறது. இது நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டே இல்லை.

ஜனவரி 12

முதல் பாகத்தில் வேகம் இல்லை, சுரங்களும் அதிகம் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வலது கையின் மற்ற விரல்கள் திஸ்ரமாக, அடிக்கு மூன்று சுரமாக, ஓடிக்கொண்டே இருக்க, ஐந்தாவது பாரில் அதே கையின் சுண்டுவிரல் ஜி ஷார்ப்பைப் பிடித்துப் பாட ஆரம்பிக்க வேண்டும். பலம் குறைந்த விரல்தான் இங்கே பாடகர்.

இன்னொன்று. அந்த மெட்டின் குட்டிச் சுரம் திஸ்ரத்தின் மூன்றாவது தட்டோடு சேர்ந்து விழக்கூடாது. அதற்கு ஒரு மயிரிழை பின்னால் விழ வேண்டும். ஒரு அடியின் மூன்றில் இரண்டு பங்குக்கும் முக்காலுக்கும் உள்ள இடைவெளி அது. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் போட்ட தாளம் இப்போது உதவுகிறது. இடது தொடையில் "தகிட" தட்டிக்கொண்டே, "தகதிமி"யின் "மி"யை மட்டும் வலது கையால் போட்டேன். இருபதாவது தடவை சரியாக வந்தது.

ஜனவரி 20

அரை மணி நேரம், சுண்டுவிரல் மட்டும். வலித்ததும் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 2

ஜெர்மனியின் பான் நகரில் இருந்துகொண்டு பீத்தோவன் பிறந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனாலும் அலுப்பதில்லை. பான்காஸே 20. அவருடைய கடைசி பியானோ, கொன்ராட் கிராஃப் செய்தது, அங்கே இருக்கிறது. இந்த சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதியும் அவர்களிடம்தான். வீட்டுக்கு வந்து அவர்களுடைய இணையக் காப்பகத்தில் அதைப் பார்த்தேன். வெளித்தாள் தொலைந்துபோனதால் தொடக்கமே இல்லை. அதனால் "இந்தப் பகுதி முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும்" என்கிற குறிப்பு, 1802இல் வியன்னாவில் அச்சான முதல் பதிப்பின் வழியாகத்தான் நமக்கு வருகிறது.

டாம்பர் என்பது தந்தியின் அதிர்வை நிறுத்துகிற கம்பளித் துண்டு. அது இல்லாமல் என்றால், அதைத் தந்தியிலிருந்து தூக்குகிற பெடலை மிதித்தபடியே வாசி என்று அர்த்தம். மிதித்துப் பார்த்தேன். அடிச் சுரம் மாறியதுமே எல்லாம் கலங்கிப்போயிற்று. அந்தக் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும், இன்றைய கருவியில் நெடுநேரம் நிற்கும். ஆசிரியை சொன்னபடி பெடலைப் பாதி மட்டும் மிதித்து, அடிச் சுரம் மாறும் இடங்களில் லேசாகத் தூக்கினேன். அப்புறம்தான் பீத்தோவன் கேட்டது என்ன என்று காதுக்குப் புரிந்தது.

இதை எழுதிய 1801இல்தான், காது மந்தமாகிவருவதை இதே பானில் இருந்த நண்பர் வேகெலருக்குக் கடிதத்தில் சொன்னார். "நிலவொளி" அவர் வைத்த பெயரும் இல்லை, அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே நிலாவைப் பார்த்து உருகுவதுபோல இதை வாசிக்க இனி எனக்கு மனம் வராது.

பிப்ரவரி 15

மகளுக்கு ஒன்பது வயது. பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 49இல் இரண்டாவதான ஜி மேஜர் சொனாட்டாவைத் தொடங்கியிருக்கிறாள். குழந்தைகளுக்குப் பெரிய படைப்புகளை வெட்டிச் சுருக்கிக் கொடுக்காமல், அவரே எளிதாக எழுதியவற்றைக் கொடுப்பதுதான் சரி. 1805இல் வந்த முதல் பதிப்பில் மென்மையாக, பலமாக என்கிற குறிகள் கிட்டத்தட்ட கிடையாது. எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை உயர்த்துவது என்று ஒன்பது வயதுப் பெண் தானே கேட்டு முடிவெடுக்க வேண்டும். இதன் மினுவெட் (நடன) மெட்டை பீத்தோவன் ஏழு கருவிகளுக்கான தன் செப்டெட்டிலும் பயன்படுத்தினார். அதைப் போட்டுக் காட்டியபோது "இது என்னோடது!" என்று குதித்தாள்.

நான் செய்கிற தப்பு, சமையலறையிலிருந்தே "எஃப் ஷார்ப்!" என்று கத்துவது. தன் தம்பி மகன் கார்லுக்குப் பாடம் எடுத்த செர்னிக்கு பீத்தோவன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்: சின்னப் பிழைகளுக்காக நடுவில் நிறுத்தாதீர்கள், முடித்த பிறகு சொல்லுங்கள். இன்று அவள் முடிக்கும்வரை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 1

இரண்டாம் பாகம். டி ஃப்ளாட் மேஜர். சி ஷார்ப் இருக்கிற அதே கட்டைதான், பெயர் மட்டும் மாறி முகம் தெளிகிறது. சேர்த்து வாசிப்பதும் விட்டு வாசிப்பதும் மாறி மாறி வருகிறது. இரண்டு வாரத்தில் ஓரளவு வந்துவிட்டது.

மார்ச் 9

மூன்றாம் பாகத்தை ஆசிரியை எனக்காக வாசித்துக் காட்டினார். வருடக்கணக்கில் பயின்றவர்களுக்கு உரியது அது. புயல்போல வாசிப்பதால் முழுக்கப் பலமாக எழுதியது என்று நினைத்திருந்தேன். இல்லை, தொடக்கம் மென்மையான ஒலியில்தான் ஓடி ஏறுகிறது. உச்சியில் இரண்டு அடி மட்டும் இடிபோல விழுகிறது.

பிறகு என் கையைப் பிடித்து அந்த ஏற்றத்தின் சுரங்களை ஒவ்வொன்றாக வைத்தார். ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ. ஜனவரியிலிருந்து தினமும் திஸ்ரமாக நான் உருட்டிக்கொண்டிருந்த அதே மூன்று சுரங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து முதல் இரண்டு பாரை மட்டும் ஆமை வேகத்தில் நாலு தடவை வாசித்தேன். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. கையை எடுத்த பிறகுதான், "அம்மா, மூணாவது தடவை ஒரு ஈ விட்டுட்டீங்க" என்றாள். சரிதான். மறுபடி வாசித்தேன்.