பால் மறந்த பன்றிக்குட்டிகள்: 6ஆவது வாரம் முதல் 10ஆவது வாரம் வரை

எங்கள் வெண்பன்றிக்கு இது இரண்டாவது ஈற்று, 9 குட்டிகள். 42ஆம் நாள் பிரித்தேன். பெரிய பண்ணைகளில் 28 நாளிலேயே பிரிக்கிறார்கள். அதற்குப் பால்பவுடர் கலந்த விலை கூடிய தீவனமும், குளிர் படாத கொட்டிலும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு வளர்ப்பவனுக்கு அது கட்டாது.

பிரித்தபோது தாயைத்தான் வேறு கொட்டிலுக்கு மாற்றினேன், குட்டிகளை அசைக்கவில்லை. முந்தின நாளே தாய்க்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டதால் மடி கட்டவில்லை. அன்று ராத்திரி முழுக்க ஒரே கத்தல். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எடை பார்ப்பது தனி வேலை. குட்டியைச் சாக்கில் போட்டு, கொக்கித் தராசில் மாட்டினால் அது உதைக்கிற உதையில் எண் நிற்கவே நிற்காது. சாக்கு வாயை மூடி இருட்டாக்கினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அந்த நொடியில் பார்த்துவிட வேண்டும். பிரித்த அன்று பெரியது 11.2 கிலோ, கடைக்குட்டி 7.4.

முதல் வாரம் எடை ஏறவில்லை. ஒன்றிரண்டு லேசாக இறங்கவும் செய்தன. பால் குடிக்கும்வரை, பால் சர்க்கரை வயிற்றில் புளித்து அமிலமாகி கிருமிகளை அடக்கி வைத்திருக்கும். பால் நின்றதும் அந்த அமிலம் குறைந்துவிடும்; குட்டியின் வயிறு சொந்தமாகப் போதிய அமிலம் சுரக்க நாளாகும். குடலின் உள்பக்கம் சத்தை உறிஞ்சுகிற, விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளும் குட்டையாகிவிடும். இந்த நேரத்தில் புரதத்தை அள்ளிக் கொட்டினால் செரிக்காமல் கீழே போய் ஈ.கோலை என்ற குடல் கிருமிக்கு விருந்தாகும், கழிச்சல் பிடிக்கும். சீக்கிரம் வளரட்டும் என்று கடைக்காரர் புண்ணாக்கைக் கூட்டச் சொன்னார். நான் கேட்கவில்லை. 2 வார வயதிலிருந்தே தாயின் பக்கத்தில் வைத்துப் பழக்கிய அதே தீவனத்தைத்தான் தொடர்ந்தேன்: நூற்றுக்கு மக்காச்சோளம் 60, சோயாப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 10, கருவாட்டுத்தூள் 8, மீதி தாது உப்பும் சாப்பாட்டு உப்பும்.

அளவைத்தான் மாற்றினேன். முதல் சில நாள் அகலமான தட்டில், வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் புளித்த மோரும் விட்டுக் கூழாக, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நக்கித் தீர்க்கிற அளவுதான். நம் வெயிலில் ஈரத் தீவனம் மதியத்துக்குள் கெட்டுவிடும், மிச்சத்தை அடுத்த வேளையோடு சேர்க்கவே கூடாது.

தீவனத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்பேன். தாய்ப்பாலில் பசியும் தாகமும் ஒன்றாகவே தீர்ந்த குட்டிக்குத் தண்ணீரைத் தனியாகத் தேடத் தெரியாது. முட்டினால் தண்ணீர் வரும் நிப்பிள் குழாயில் தீக்குச்சியைச் செருகிச் சொட்டவிட்டேன். சத்தம் கேட்டு ஒன்று வந்து மூக்கால் முட்டியது, பின்னாலேயே மற்றவை வந்தன. குடித்தவை தட்டுக்கும் சீக்கிரமே திரும்பின. கடைக்குட்டிதான் கூட்டத்தில் ஒதுங்கி நின்றது. இரண்டாவது தட்டு வைத்ததும் அதற்கும் இடம் கிடைத்தது.

இரண்டாவது வாரம் நாளுக்கு 200 கிராம் அளவில் ஏறின. பிறகு உலர் தீவனத்துக்கு மாற்றினேன். 300 கிராமைத் தாண்டியது. ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய 2 கிலோ தீவனம் போகிறது. இந்த வயதில் அது நல்ல கணக்குதான். 10ஆவது வார முடிவில் பெரியது 19 கிலோ, கடைக்குட்டி 13.

நடுவில் குடற்புழு மருந்து கொடுத்தேன். 2 மாதத்தில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டாயிற்று. ஓட்டல் மிச்சம் மலிவுதான், ஆனால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சி மிச்சத்தோடு வரும். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகளே அந்த நோயில் செத்தன. இந்தத் தடுப்பூசி அதற்குக் கேட்காது.

அடுத்த மாதம் புரதம் குறைந்த வளர்தீவனத்துக்கு மாற்ற வேண்டும். ஒரேயடியாக இல்லாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுவதாக இருக்கிறேன். கடைக்குட்டிக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பழைய தீவனமே.