அம்மா என்று கூப்பிட்டால் அப்பா வருவார்

மூக்குத் தண்டு வளைவுக்கோ சைனஸுக்கோ ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் முதலில் பறிகொடுப்பது மெல்லினத்தை. ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் மூக்கில் பிறக்கும் என்று இலக்கண வகுப்பில் ஒப்பித்தது அன்றைக்குத்தான் உறைக்கும். உள்ளே பேக்கோ (ரத்தம் நிற்க வைக்கும் அடைப்பு), சிலிகோன் ஸ்ப்ளின்ட்டோ (தண்டை நேராகப் பிடிக்கும் தகடு) இருக்கும்போது மூக்கு வழியாகக் காற்று போகாது. 'ம' என்று உதட்டைச் சேர்த்தால் 'ப' என்று வெடிக்கும். அம்மாவைக் கூப்பிட்டால் அப்பா வந்து நிற்பார். 'வேண்டாம்' என்று சொன்னது யாருக்கும் விளங்காமல் இன்னொரு கரண்டி தட்டில் விழும். கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

முதல் ராத்திரி தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். வீக்கமும் கசிவும் குறைய, தலை இதயத்தைவிட உயரமாக, சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். மூன்று தலையணையையும் தலைக்கடியில் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், மூச்சும் திணறும். அடுக்கு இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் சௌகரியம். வாயால் மூச்சு விடுவதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். விழுங்கும்போது காது 'டப்'பென்று அடைத்தால் பயம் வேண்டாம். மூக்கு மூடியிருப்பதால் தொண்டையின் அழுத்தம் காதுப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். சாப்பாட்டில் மெல்லுவதும் மூச்சு விடுவதும் ஒரே வாய்க்குள் முறை வைத்து நடக்க வேண்டும். வெதுவெதுப்பாக, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் ரத்தக்குழாய் விரிந்து கசிவு கூடும்.

மூக்குக்குக் கீழே மீசை மாதிரி காஸ் துணியை மடித்து ஒட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று நாள் இளஞ்சிவப்பாகக் கசிவது சகஜம். துடைக்கலாம், ஒற்றலாம். சிந்தக் கூடாது. ஒன்றிரண்டு வாரமாவது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடவே கூடாது.

தும்மல் யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. சபை நாகரிகம் என்று மூக்கைப் பொத்தி வாயை மூடித் தும்மும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வாயை ஆவென்று திறந்து, வீடே அதிரத் தும்முங்கள். வாயை மூடினால் அத்தனை காற்றும் ஆறாத புண் வழியாகத்தான் போகும். சைனஸ் ஆபரேஷன் ஆனவருக்கு அந்தக் காற்று கண்ணைச் சுற்றித் தோலுக்கடியில் புகுந்து, இமை பலூனாக உப்பிய கதையும் உண்டு.

அடுத்தது, மூக்குக்கும் முக்கலுக்கும் உள்ள சம்பந்தம். வீரியமான வலி மாத்திரை, குறைந்த சாப்பாடு, நடமாட்டமில்லாத நாள் மூன்றும் சேர்ந்தால் மலச்சிக்கல் நிச்சயம். கழிப்பறையில் முக்கினால் தலைக்கு அழுத்தம் ஏறி, மேலே ரத்தம் எட்டிப் பார்க்கும். மலம் இளக்கும் மருந்தை டாக்டரிடம் முதல் நாளே கேட்பதில் வெட்கமென்ன? குனிந்து செருப்பு தேடுவது, 5 கிலோவுக்கு மேல் தூக்குவது எல்லாம் இதே கணக்குத்தான். 'குழந்தையை மட்டும் தூக்கலாமா' என்று கேட்காதவர் கிடையாது. குழந்தையின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் போதும். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அதுவே ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் நான்காம் நாள் வாக்கில் 'முன்னாடி இருந்ததே தேவலை' என்று தோன்றும். உள்ளே வீக்கமும் பொருக்கும் சேர்ந்து அடைக்கும் நேரம் அது. மேல் முன்பல் மரத்துப்போனால் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குத் தண்டின் வழியாகப் பல்லுக்குப் பின்னால் இறங்கும் நரம்பு கோபித்துக்கொண்டிருக்கிறது, சமாதானமாக வாரக்கணக்கு ஆகலாம். பார்க்க வருபவர்கள் தவறாமல் 'ஆவி பிடி' என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் சூடான ஆவி இந்த வாரத்துக்கு ஆகாது. பொருக்கு நமநமவென்று விரலைக் கூப்பிடும். நோண்டினால் புதுப் புண், அதன்மேல் புதுப் பொருக்கு.

பொருக்கை இளக்குவது உப்புத் தண்ணீர்தான். பேக் எடுத்து, டாக்டர் தொடங்கச் சொன்ன பிறகு கழுவுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா, மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிடும். அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர்தான் போகும். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதி என்றால் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். அயோடின் சேர்க்காத உப்பு 3 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் கலந்து வைத்துக்கொண்டால், 240 மில்லிக்கு அந்தக் கலவையில் 1 டீஸ்பூன். உப்பில்லாத வெறும் தண்ணீர் மூளை வரைக்கும் சுரீரென்று எரியும்.

வாஷ்பேசின் மேல் லேசாகச் சாய்ந்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள். அந்த நேரத்தில் விழுங்கினால் தண்ணீர் காதுக்குக் குடிபோகும். 'கே... கே...' என்று சொன்னால் உள்நாக்குப் பக்கம் மேலேறி, தண்ணீர் தொண்டைக்கு இறங்கும் வழியை அடைக்கும். வெளியே கேட்பவர் என்ன நினைத்தால் என்ன? இதில் ஒரு குறும்பும் உண்டு. உள்ளே தங்கிய தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து, நீங்கள் குனியும் நேரம் பார்த்து எதிரில் இருப்பவர் மேல் கொட்டும். அது சும்மா. கழுவாத நேரத்திலும் ஒரே துவாரத்திலிருந்து தெளிந்த தண்ணீர் குனியும்போதெல்லாம் சொட்டி உப்புக் கரித்தால் அது சும்மா அல்ல, மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ரத்தம் பெருகினால் எல்லோரும் செய்வது தலையை அண்ணாந்துகொள்வது. ரத்தம் வயிற்றுக்குள் போகும், குமட்டும், வாந்தியெடுக்கும் வேகத்தில் இன்னும் பெருகும். நிமிர்ந்து உட்கார்ந்து முன்பக்கம் சாயுங்கள், வாயில் வருவதைத் துப்புங்கள். பேக்கோ ஸ்ப்ளின்ட்டோ இல்லையென்றால், மூக்கின் மெத்தென்ற பகுதியைக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் பிடியுங்கள். நடுவில் 'நின்றுவிட்டதா' என்று விட்டுப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, கண் வீக்கம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கழுத்து விறைப்போடு தலைவலி, பேக் இருக்கும்போது தோல் சிவந்து வாந்தி, இருபக்கமும் அடைத்துக் கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஸ்ப்ளின்ட்டைப் பெரும்பாலும் ஒரு வாரத்தையொட்டி எடுப்பார்கள். வெளியே வரும் நீளத்தைப் பார்த்து 'இதுவா உள்ளே இருந்தது' என்று மூக்கில் விரல் வைக்கத் தோன்றும்; வைக்காதீர்கள். காற்று ஜிலீரென்று ஏறும், 'அம்மா' பழையபடி அம்மாவாகும். அந்தச் சந்தோஷத்தில் கைக்குட்டையை எடுத்து ஒரு சிந்து சிந்தப் போகும்போதுதான் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்: "இன்னும் ஒரு வாரம்."